அலுமாரிக் கதவின் உட்பக்கம்

நீர் ஆரெண்டு எனக்குத் தெரியாது.
ஒண்டாந் திகதி வாறீர் எண்டு வீட்டுக்காரர் சொன்னவர்,
பாங்கிலோ கம்பசிலோ வேலை எண்டும் சொன்னவர்
ரண்டும் ஒண்டுதான் எண்ட மாதிரி.

அலுமாரியின் இடது கதவைத் திறவும்.
பென்சில் எழுத்து, எனக்கு முதல் இருந்தவவின்ர.
கொன்சலீற்றா. நான் அவவைக் கண்டதில்லை.
நீலப் பேனை நான்.
வெட்டியிருக்கிறதும் நான்.

வாசிக்க, எண்டு போட்டு அவ எழுதினது:
ஞாயிற்றுப் பேப்பரில் மரண அறிவித்தல்.
எனக்கு முதலில் அருவருத்தது.
பிறகொரு மழை ஞாயிறு, கரண்டும் இல்லை,
கொக்குவிலில் பிறந்து அச்சுவேலியில் வாழ்க்கைப்பட்டு
நோர்வேயில் கண்ணை மூடின ஒருத்தியின்
மருமக்களை, பேரப்பிள்ளைகளை, சகலன்மாரை
ஒண்டும் விடாமல் வாசிச்சு முடிச்சன்.
ஏழு தொலைபேசி எண், ஐந்து நாடு.
எந்த நாவலும் இத்தனை ஆக்களை
இவ்வளவு கெதியாய் வாசலால் உள்ளே விட்டதில்லை.
நான் கீழே சேர்த்தது:
'வீடு வாடகைக்கு' பகுதியையும் வாசியும்.
ரண்டு மாதம் பொறுத்து
சிலவேளை அதே விலாசம் வரும்.

பார்க்க: எட்டுமணி நாடகம்.
கதவைச் சாத்திப்போட்டுப் பாரும்,
வீட்டுக்கார அன்ரி முடிவைச் சொல்லிப்போடுவா.
இதைத்தான் வெட்டினன். ரீவி போன வருசமே செத்துப்போச்சு.
பின்னேரம் ரயில் கடவைக்குப் போம்.
கேற் விழுந்து எழும்பிற நாலு நிமிசம்
ஒருத்தரும் நடிக்கமாட்டினம்.
ஒற்றைக்கால் ஊண்டி நிக்கிற ரியூசன் பெட்டையள்,
ஐஸ் ஒழுகிற பெட்டியோட மீன்கார மோட்டச்சைக்கிள்,
வானுக்குள்ள ஒரு கலியாணப் பொம்பிளை
நெத்திச்சுட்டியைக் கழட்டிக் கையில் வைச்சுக்கொண்டு
வாய் பிளந்து கொட்டாவி விடுறா.
ரிக்கற் இல்லை.

கேட்க:
பாண் ஓட்டோவின்ர பாட்டு, ஆறரைக்கு.
இது அவ.
தண்ணி மோட்டரின்ர குரல்.
இது நான்.
கிணறு வத்தினால் அது ஒரு கட்டை மேலே ஏறிப் பாடும்,
ரசிச்சுக்கொண்டு நிக்காதையும், ஓடிப்போய் நிப்பாட்டும்.
எரிஞ்சால் பதினெட்டாயிரம்.
நான் ரசிச்சனான்.

சமைக்க, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒராளுக்கு.
ரண்டு கத்தரிக்காய், பொரிச்சு எடுக்கவும்.
கட்டிப்பால் கடைசியில்.
புளி தேசிக்காயில்தான், அடுப்பால் இறக்கின பிறகு.
வெந்தயம் ஒரு கரண்டி.
ஒரு கரண்டி போட்டன். நாய் மணந்துபோட்டுப் போச்சு.
அரைக் கரண்டி, கால் கரண்டி,
ஆறு மாதமாய் அந்தப் பொம்பிளையோட சண்டை.
ஒருநாள் லாச்சியை முழுசாய் இழுத்துக் கொட்டினால்
மூலைக்குள்ள ஒரு பித்தளைக் கரண்டி,
காம்பு முறிஞ்சது, சின்னிவிரல் நகமளவு கிண்ணம்.
அண்டைக்குக் கறி சரிவந்தது.
கரண்டியை அங்கேயே விட்டுப்போறன்.

இன்னுமொண்டு.
நான் பெரியாஸ்பத்திரி லாபில் வேலை,
இப்ப வவுனியாவுக்கு மாத்தம்.
போன மாசம் வந்த ரியூப்களில் ஒண்டின்ர லேபலில்
அந்தப் பேர். வயசு நாப்பத்தொண்டு.
அவதானோ, வேறை கொன்சலீற்றாவோ.
வெளியில் வாங்கிலில் அம்பது பேர் இருந்தவை,
கூப்பிட்டுப் பாத்திருக்கலாம்,
என்னெண்டு கூப்பிடுறது?
கத்தரிக்காய் எண்டோ?
ரிசல்ட்டை வெளியில் சொல்லக்கூடாது. சொல்லேல்லை.
அண்டிரவு வந்து, கதவில் அவ எழுதினதுக்கு,
'பால்தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி,
இது பெரிய கரண்டி' எண்டதுக்குப் பக்கத்தில்
நீல மையில் எழுதினன்:
ஒண்டு காணும்.

அவ இனி இந்தக் கதவைத் திறக்கமாட்டா.
தெரியும்.

கீழே ஒரு சாண் இடம் கிடக்கு.
பேனையை நான் கொண்டுபோறன், உம்மட மையில் எழுதும்.
பிடிக்காததை வெட்டும்.
மோட்டரைப் பற்றினதை மட்டும் வெட்டாதையும்.