மேல்பட்டி கேட்

லாங்கு பஜாரில் நூற்றெண்பது ரூபாய்.
பன்னிரண்டு நிறம், சின்னதாய் ஒரு கண்ணாடி,
தீக்குச்சி நீளத்துக்கு ஒரு பஞ்சுக்குச்சி.
மூடியைத் திறந்து காட்டிய கடைக்காரர்
என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லவர்.
வேலூருக்கென்று ஒரு சொலவடை இருக்கிறது:
தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை,
ராஜா இல்லாக் கோட்டை,
அப்புறம்
அழகில்லாப் பொண்ணுங்க.
யார் வீடு வீடாய்ப் போய் எண்ணினார்களோ.
ஆற்றில் ஒரு ஐப்பசிக்குப்
பாலம் முட்டத் தண்ணீர் போனது.
அதற்கப்புறமும் யாரும் திருத்திச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
சத்தத்தை அணைத்துவிட்டு ஃபோனில் பார்த்தேன்,
அந்தப் பக்கம் அண்ணன் தூங்குகிறான்.
வீடியோக்காரியின் இமை கதவு மாதிரி அகலம்.
எனக்குக் கண்ணை மூடினால்தான் இமையே உண்டு.
முதலில் பழுப்பு, மடிப்புக்கு மேலே.
பிறகு கருப்பு, வெளி ஓரத்தில்.
பிறகு அவள் கையை இப்படி இப்படி ஆட்டினாள்,
புகை வந்தது.
நானும் ஆட்டினேன்.
கரி வந்தது.

தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தும்
திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்குக்
குடியாத்தத்தில் கம்பெனி பஸ் ஏறும்போது
வலது கண்ணில் பாதி மிச்சமிருந்தது.
"இன்னாடி ஆச்சு?" என்றாள் தில்ஷாத்.
வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஜன்னலோரம் இருந்த பூங்காவனம்
எழுந்து இடம் கொடுத்தாள்.
பின்சீட்டிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில்
கை மாறிக் கை மாறி வந்தது.
எனக்குக் கல்யாணமே ஆகவில்லை,
அத்தனை பேருக்கும் தெரியும்.
இருந்தும் வந்தது பாட்டில்.

"மேக்கப்பு" என்றேன்.
பஸ்ஸே சிரித்தது,
பூங்காவனம் தவிர.

ஆம்பூரில் எனக்கு ஃபினிஷிங் வேலை.
பழுப்புத் தோல் ஷூ,
முனையில் மட்டும் கருப்பு ஏற வேண்டும்.
எங்கே தொடங்கியதென்று தெரியக் கூடாது,
தெரிந்தால் ரிஜெக்ட்.
ஸ்பாஞ்சைத் தொட்டு,
தொட்டதில் பாதியைத் துணியில் விட்டு,
மிச்சத்தை வட்டம் வட்டமாய், அழுத்தாமல்.
நாற்பதாம் நம்பர் இடது. நாற்பதாம் நம்பர் வலது.
ஐந்து வருஷமாய் இதே.
புதன்கிழமை டீக்குக் கொஞ்சம் முன்னால்
ஒற்றை ஷூவோடு அப்படியே நின்றுவிட்டேன்.
சூப்பர்வைசர் ஜெயசீலன் பார்க்கிறார்.
அட, இதுதானே அது.

அன்றைக்கு ராத்திரி
பாதிப் பொடியைப் புறங்கையில் விட்டேன்.
அழுத்தவில்லை.
மடிப்பில் ஓரம் தெரியவில்லை.
பீடி பிடித்தவர் எழுந்துபோன அறை மாதிரி
இருந்தது கண்.
இடது கொஞ்சம் தூக்கல்தான்,
ஏ கிரேடு இல்லை, பி கிரேடு.
யாருக்கும் காட்டாமல்
லைட்டை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம்
திறந்தே வைத்திருந்தேன்.

அப்புறம் டப்பா சோற்றுப் பையிலேயே கிடந்தது.
தில்ஷாத்துக்குப் போட்டேன்.
"வெளிய தெரியறதே இது ரெண்டுதான்,
ஒழுங்கா போடு" என்றாள்.
கட்டிங்கில் இருக்கும் எப்சிபாவுக்கு ஒரு வரவேற்புக்கு.
கத்திரி வெயிலில் எல்லோருக்கும் ஒழுகியது,
யாரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை,
நான் வாங்கினால்தானே.

இந்தத் திங்கட்கிழமை
பூங்காவனம் முந்தானையால் பாதி முகத்தை மூடி ஏறினாள்.
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
வளத்தூர் தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு மடியிலிருந்த பையைத் தொட்டு,
"இந்தப் பக்கம் ஏற்கெனவே கீது.
அந்தப் பக்கம் மட்டும் போடு" என்றாள்.

பன்னிரண்டு நிறத்திலும் அது இல்லை.
ஊதாவில் பழுப்பைக் கலந்தேன்,
கீழே போகப் போகக் கொஞ்சம் மஞ்சள்.
நிறம் பிடிக்க
அந்தக் கண்ணையே பார்க்க வேண்டியிருந்தது.
பார்க்கட்டும் என்று அவளும் வைத்திருந்தாள்.

மேல்பட்டி கேட் போட்டிருந்தது.
டிரைவர் இஞ்சினை அணைத்தார்.
நீளமான கூட்ஸ்.
பஸ் ஆடாமல் நின்றது.