நான்கெல்லை

இருபத்தொன்பது வருடம் தக்கலையில்
பத்திரம் எழுதினவள் நான்.
இதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன்:

வடக்கே பள்ளிக்கூடச் சுவர்,
தெற்கே செருப்பு விடும் இடம்,
கிழக்கே வேளிமலையின் ஒரு துண்டு,
மேற்கே அபிஷா நிற்கிற படிக்கட்டு.
இதற்குட்பட்ட நெஞ்சளவு வெள்ளம்
செவ்வாயும் வெள்ளியும்
பிள்ளைகள் வகுப்பிலிருக்கும் முக்கால் மணி நேரம்
எங்கள் அனுபவத்தில் இருந்து வருகிறது.

எங்கள் என்றால்
முட்டத்து சூசைமிக்கேல், திருவிதாங்கோட்டு பீர்கண்ணு,
சுரிதாரோடு இறங்கும் நான்.
பத்தேகாலுக்கு மாத்திரை.
அதன் பிடி விடுவதற்குள் கரையேற வேண்டும்.

"அம்பது வருசம் கடல்ல கிடந்தவனுக்கு
இந்தப் பிள்ள வெள்ளத்துல நடக்கச் சொல்லித் தருது"
என்கிறார் சூசைமிக்கேல்.
ஆனால் கடலில் யார் நடந்தார்கள்?

வீட்டில் வாசல்நிலை வந்தால்
ரப்பர் பாலில் மிதித்ததுபோல் கால் நின்றுவிடும்.
பின்னால் மருமகள் குழம்புச் சட்டியோடு.
ஒன்றும் சொல்ல மாட்டாள்.
இங்கே தரையில் கறுப்புக் கோடுகள்.
ஒன்றைப் பார், தாண்டு, அடுத்ததைப் பார்.
சில நாள் ஏழு.
போன வெள்ளி நான்கில் நின்றேன்,
யாருக்கும் வழியை மறிக்காமல்.

தரையில் விழுந்தால் இடுப்பு.
இங்கே விழுவதற்கே நேரம் பிடிக்கிறது.
பீர்கண்ணு ஒருநாள் விழத் தொடங்கி
பாதியில் மனம் மாறி நிமிர்ந்துவிட்டார்.

என் எழுத்து சுருங்கி ஐந்து வருடம்.
றோஸ்லெட் பாய் என்று தொடங்கினால்
பாய் வருவதற்குள் எறும்பு.
கையெழுத்து ஒத்துவரவில்லை என்று
பேங்கில் பெருவிரல் கேட்டார்கள்.
எத்தனை பேருடைய பெருவிரலைப் பிடித்து
மையில் உருட்டியிருப்பேன்,
முகத்தைப் பார்க்காமல்.

கடைசிப் பத்து நிமிடம் அபிஷா சொல்வாள்:
"தோளிலேருந்து எழுதுங்க. பேரை. பெரிசா."
என் றகரத்தின் வால் போய்
பீர்கண்ணுவின் மூன்று சுழியில் இடிக்கிறது.
சூசைமிக்கேல் தன் பெயரை எழுதுவதில்லை,
விற்றுப்போன வள்ளத்தின் பெயரை எழுதுகிறார்.
நடுக்கமும் கூடவே எழுதுகிறது.
வெள்ளம் எது அலை எது கை என்று
அடித்தல் திருத்தல் குறிப்பதில்லை.

பிறகு படிகள்.
முதல் படியில் தோள் கனக்கும்,
இரண்டாவதில் இடுப்பு,
மூன்றாவதில் அறுபத்தெட்டு வயதும் மொத்தமாக.

துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.
பீர்கண்ணு சட்டைப் பொத்தான் போட்டு முடிக்க
பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது.
ஒரு துளை மாற்றிப் போட்டிருக்கிறார்.
நான் சொல்லவில்லை.