நாலு பொன்னுசாமி

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வரைக்கும்
எங்கள் கம்பெனிக்கு நாலு பொன்னுசாமி.
நிட்டிங் ஒருவர். வீரபாண்டி டையிங் ஒருவர்.
பனியன் வேஸ்ட் எடுக்கிறவர் ஒருவர்.
இன்னொருவர் யாரென்று எவருக்கும் தெரியாது,
தீபாவளிக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புவார்.

பதினொன்று ஐந்துக்கு
பதினாலு போனிலும் ஒரே பொன்னுசாமி,
பெயருக்குக் கீழே நாலு நம்பர்.
'ஒரே பெயர், சேர்த்துவிடவா?' என்று ஏதோ ஒரு போன் கேட்டிருக்கிறது.
யாரோ 'ஆகட்டும்' என்றிருக்கிறார்கள்.

டிஸ்பாட்ச் பிரபாவதி
மேலே நின்ற நம்பரைத் தொட்டாள்.
'அறுநூத்தி நாப்பது கிலோ ரெடிங்க, வண்டி அனுப்புங்க.'
வண்டி வந்தது.
டையிங் வண்டி இல்லை.
நான் கீழே ஓடியபோது
மடிப்புக் கலையாத கோராத் துணியை
வேஸ்ட் பொன்னுசாமியின் பையன்
கிலோ முப்பத்தெட்டு என்று எடை போட்டுக்கொண்டிருந்தான்.
'நல்ல சரக்காட்ட இருக்குதுங்க்கா'
என்றான். அவனுக்கே சந்தேகம்.

பிரிண்டருக்கு ஒருமுறை மை ஊற்றியவள் நான்.
அன்றிலிருந்து பிளக்கில் சொருகுகிற எல்லாமே
என் தலையில்.

பிரித்தேன்.
டீ வருவதற்குள் ஒட்டிக்கொண்டார்கள்.
அணைத்துப் போட்டேன், வெளியேறி உள்ளே வந்தேன்,
பாஸ்வேர்டை மாற்றி அதையும் மறந்தேன்.
ஒரு போனில் அழித்தால்
பதினாலிலும் அழிந்தது.
ஒரு போனில் திருத்தினால்
அந்த ஒன்றில்கூட நிற்கவில்லை.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார்.
போனைத் தூரமாய்ப் பிடித்துப் படித்தார்.
'யாரும்மா இது கத்திரி வெயில்?
எம்பட நம்பராட்டவே இருக்குது.'

போன மே மாசம், ஷிப்மெண்ட் தவறிய அன்று,
பாத்ரூமில் நின்று அழுது முடித்து
நான் வைத்த பெயர் அது.
என் சொந்தப் போனில், எனக்கு மட்டும் என்று.

'சிங்க் பிராப்ளமுங்க சார்' என்றேன்.
'ஓ' என்றார்.
மின்விசிறியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு
'சரி பண்ணீருங்க' என்றார்.

ஏழு பத்து. எல்லோரும் போய்விட்டார்கள்.
யார், எப்போது, எதைத் தொட்டார்கள் என்று
வரிவரியாய்ப் பார்த்தேன்.
கடைசி வரி: பொன்னுசாமி, திருத்தியது ஏழு நாற்பது.

சுவரைப் பார்த்தேன். ஏழு பத்துதான்.

இன்னும் வராத நேரத்திலிருந்து
ஒருவர் எங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

கட்டிங் மாஸ்டர் ஆறுச்சாமி.
குன்னத்தூரில் கம்பெனி வேன் தப்பிவிடக் கூடாதென்று
அரை மணி முன்னால் தள்ளி வைத்த போன்.
நாங்கள் சரிசெய்தது எல்லாம் அதற்குப் பழசு.
அது பிடித்து வைத்திருந்ததே எப்போதும் புதுசு.
பதின்மூன்று போன்களும்
பெரியவர் சொன்னால் சரி என்று கேட்டுக்கொண்டன.

மறுநாள் நேரத்தை நேராக்கினேன்.
கையைப் பிசைந்தபடி நின்றார்.
'அப்ப வேனு போயிருச்சுன்னா?'
'கைக்கடிகாரத்தத் தள்ளி வெச்சுக்குங்க, அது யாரோடயும் பேசாது.'
அது அவருக்குச் சமாதானமாக இல்லை.

நாலு பேரையும் மறுபடி தனித்தனியாய் எழுதினேன்.
நாலாமவரைக் கூப்பிட்டேன்.
நீங்க யாருங்க, எதுக்கு உங்க நம்பர் எங்ககிட்ட?
பின்னால் தறிச் சத்தம். சோமனூர்ப் பக்கமாக இருக்கலாம்.
'எனக்குந் தெரீலீங் அம்மிணி.
உங்க கம்பெனி பேரு என்ற போன்ல இருக்குது.
எடுத்துப்போட மனசு வர்லீங்.'

பொன்னுசாமி தீபாவளி என்று எழுதினேன்.
பத்து நிமிஷம் பார்த்தேன். நின்றார்.

கத்திரி வெயிலையும் மாற்றிவிட்டேன்,
பதின்மூன்று போனில்.
பதினாலாவதை அவர் மேஜைமேல் வைத்துப் பூட்டியிருந்தார்.
கேட்கப் போகவில்லை.
கார்த்திகை பிறந்தாயிற்று, வெளியே நல்ல தூறல்.