பிழை வகை மூன்று

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால்
ஐந்தில் இரண்டு என்று எழுதியவர்கள்
நூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொரு பேர்.
அட்டவணையில் அவர்களுக்கு ஒரு கட்டம் வைத்திருந்தேன்.
பிழை வகை மூன்று:
தொகுதியைத் தொகுதியோடும்
பகுதியைப் பகுதியோடும் கூட்டுதல்.
சிவப்பு நிறம்.

பதினேழாம் மாணவியை
ஒரு வெள்ளிக்கிழமை, சத்துணவுக்குப் பிறகு
பூட்டிக் கிடந்த ஆய்வகத்தைத் திறந்து உட்கார வைத்து
செல்போனை ரெக்கார்டில் போட்டேன்.
எப்படி வந்துச்சு சாமி, சொல்லு.

ஒலிப்பதிவில் இந்த இடத்தில்
ஒன்பது வினாடி பேச்சில்லை.
சுவருக்கு அந்தப்பக்கம் பவர்டேபிள் ஓடுகிறது.
அனுப்பர்பாளையத்தில் எந்த மௌனத்தைப் பதிவு செய்தாலும்
பின்னால் ஒரு பவர்டேபிள் ஓடும்.
பிறகு அவள்:

ஒரு கட்டுல ரெண்டு பீஸுங் மிஸ், ஒண்ணு டேமேஜு.
இன்னொரு கட்டுல மூணு, அதுலயும் ஒண்ணு டேமேஜு.
ரெண்டு கட்டையும் ஒண்ணாக் கொட்டுனா
அஞ்சுக்கு ரெண்டுங்.
எங்கம்மா செக்கிங்ல இப்படித்தானுங் எழுதும்.

சரிதான்.
அந்த மேசையில், அந்த டியூப்லைட்டுக்குக் கீழே
முழுக்கச் சரி.

பாடப்புத்தகத்தையும் விட்டுக்கொடுக்க முடியவில்லை எனக்கு.
ஒரே துணியில் அரை மீட்டர் வெட்டு,
அதிலேயே இன்னொரு மூன்றில் ஒரு மீட்டர் வெட்டு,
மொத்தம் எவ்வளவு போச்சு என்றேன்.
விரலால் மேசையில் கோடு இழுத்தாள்.
ஆறுக்கு அஞ்சுங்.
கொஞ்சம் யோசித்து,
அது கட்டிங் கணக்குங் மிஸ்.
நான் சொன்னது செக்கிங் கணக்கு.

பதினாறு வருசம் கரும்பலகையில் பின்னம் எழுதியவள் நான்.
இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு என்று
எந்தப் பயிற்சியிலும் யாரும் சொன்னதில்லை.

அவள் அம்மாவிடம் சம்மதக் கையெழுத்து வாங்கப் போனது
ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு.
ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து
நின்றபடியே சோறு தின்றுகொண்டிருந்தார்.
முடியெல்லாம் பஞ்சு.
'பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும்
காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்'
என்று நான் வாசிக்க
சிரித்துவிட்டார்.
இப்படியெல்லாங்கூட எழுதித் தருவாங்களாங்?

கோயமுத்தூரில் நெறியாளர் படித்துப் பார்த்தார்.
நல்லாருக்குதுங்கம்மா, பின்னிணைப்புல வெச்சுருங்க.
ஒரு புள்ள சொன்னத வெச்சு என்னத்த நிறுவறது?
கடிந்து சொல்லவில்லை.
அவர் மேசையில் இன்னும் எட்டுப் பேருடைய அத்தியாயங்கள்
ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தன.

பதில் தோன்றும்போது பஸ் கருமத்தம்பட்டி தாண்டிவிட்டது.
ஒரு கூற்றைக் கவிழ்க்க
எதிர் எடுத்துக்காட்டு ஒன்றே ஒன்று போதும்.
கணிதத்தில் அப்படித்தான்.
கணிதக் கல்வியில் குறைந்தது முப்பது வேண்டுமாம்.

பல்கலைக்கழகச் சீட்டில் நான் பகுதி நேர ஆய்வாளர்.
பகுதி என்றால் கோட்டுக்குக் கீழே இருப்பது.
காலை ஏழு முதல் இரவு பத்து வரை
எல்லாம் கோட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது,
மதிப்பெண் பட்டியல், காஸ் புக்கிங்,
பையனின் டியூசன், எமிஸ் பதிவேற்றம்.
கீழே என்ன எண் போடுவதென்று
மூன்றாவது வருசமாகத் தெரியவில்லை.

போகும்போது கதவருகே நின்று கேட்டாள்,
எம்பேரு புக்குல வருமுங்களா மிஸ்?
வராது கண்ணு. நெறிமுறைக் குழு விடாது.
பதினேழுன்னு வரும்.
செரிங் என்றாள். தண்ணி குடிக்க ஓடினாள்.

நேற்றிரவு
அந்தக் கட்டத்தின் சிவப்பை எடுத்தேன்.
வேறு நிறம் வைக்கவில்லை.
மிச்சம் நாற்பது பேர்
என்ன நினைத்து எழுதினார்கள் என்று
நான் கேட்கவே இல்லை.
ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.
ரெண்டு பேர் டிசி வாங்கிவிட்டார்கள்.
அந்த ரெண்டு விடைத்தாள் மட்டும்
என் பையில் இருக்கிறது,
ஐந்தில் இரண்டு,
ஐந்தில் இரண்டு என்று.