சுவர்கள் சற்று நகரவும்

நாற்பது நிமிடம் நான்
ஒரு குளியலறைச் சுவராக இருந்தேன்.

வால்பரைசோவில், தீ தின்ற குன்றின் உச்சியில்,
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில்
மஞ்சள் நாடா ஒட்டி
முழு அளவில் விரித்திருந்தோம்
நகராட்சி கட்டப்போகும் வீட்டை.
வரைந்தவன் நான்.
ஐம்பத்திரண்டு சதுர மீட்டர்.
எல்லாம் விதிப்படி.

யஸ்னாவை அவள் அக்கா மகன்கள் இருவர்
நூற்று அறுபத்திரண்டு படி தூக்கி வந்தார்கள்,
பியானோ ஏற்றுவதுபோல்,
திருப்பத்துக்குத் திருப்பம் "இடது, இடது" என்று கத்திக்கொண்டு.
வந்ததும் வராததுமாகச் சொன்னாள்:
"நாற்காலி பத்தொன்பது கிலோ. நான் அறுபத்தொன்று.
குறிப்பேட்டில் முதல் வரியாக இதை எழுதுங்கள்."
எழுதினோம்.
நேரம் பத்து இருபது.
கூட்டம் ஒன்பதரைக்கு.

நொல்பெர்த்தோ ஓரத்திலேயே நின்றார்.
கைத்தடி நாடாவின்மேல் போய் வந்தது,
ஒன்றும் தட்டுப்படவில்லை.
"வீடு எங்கே?"
இதோ, உங்கள் காலடியில்தான் வாசல், என்றேன்.
"காலடியில் இருப்பது தரை.
சுவரே இல்லாத வீட்டைப் பற்றி
நான் என்ன கருத்துச் சொல்ல?"

அப்படித்தான் நாங்கள் சுவரானோம்.
பொறியாளர்கள், கணக்காளர், வண்டி ஓட்டுநர்.
துணை இயக்குநர் பாஸ்குன்யான் அம்மையார்
குதிகால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச்
சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே.
நொல்பெர்த்தோ எங்களைத் தடவியபடி நடந்தார்.
என் சட்டைப் பையில் பேனா தட்டியதும்
"இங்கே ஓர் ஆணி" என்றார்.
எல்லோரும் சிரித்தோம்.
அடுத்த மூலையில் ஓட்டுநரின் முழங்கை
அவர் நெற்றியில் இடித்தபோது சிரிப்பு நின்றது.
ஓட்டுநர் கை நீட்டி நின்றது
திறந்த அலமாரிக் கதவாக,
என் படத்தில் இருந்தபடியே.

பிறகு யஸ்னா குளியலறைக்குள் வந்தாள்.
வர இடம் விட்டிருந்தேன்.
கதவைச் சாத்த விடவில்லை.
அவள் முழங்கால் என் முழங்காலில் முட்டியது.
"ஒன்பது வருடமாகக்
கதவு சாத்தாமல் குளிக்கிறேன்" என்றாள்
மெதுவாக, சுவரிடம் சொல்வதுபோல்.
சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
முகமும் உண்டு,
அது கொதித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் உரக்க: "சற்று நகருங்கள்."
நகர்ந்தேன்.
"இன்னும்."
பின்னாலிருந்து கணக்காளர் முனகினார்,
கூடம் குறைகிறதே.
"குறையட்டும்.
கூடத்தில் யாரும் அம்மணமாக நிற்பதில்லை."

ஒரியானாவுக்குக் காது கேட்காது.
அம்மையாரின் தோளில் இரு கையும் வைத்துக்
கீழே அழுத்தினாள்.
மொழிபெயர்ப்பவர் வாய் திறக்குமுன் புரிந்தது:
அடுப்படியில் நின்றால் வாசல் தெரியவேண்டும்,
ஆள் வருவது முதுகுக்குத் தெரியாது.
அம்மையார் குனிந்து அரைச் சுவரானார்.
பதினேழு வருட உத்தியோகத்தில்
அவர் குனிந்து நான் பார்த்ததில்லை.

எலியேசர் மட்டும் உள்ளே வரவில்லை.
வயது இருபத்தாறு. டவுன் சின்ட்ரோம்.
வாசல் இடைவெளியில் நின்று
வலக்கையைத் திருகிக்கொண்டே இருந்தான்.
விளையாடுகிறான் என்று நினைத்தோம்.
"சாவி யார்கிட்ட?"

வரைவில் விதி பதினான்கு:
பாதுகாவலரிடம்.
அவன் அம்மா ஏதோ சொல்ல வந்து
சொல்லவில்லை.
"அம்மாகிட்ட ஒண்ணு இருக்கலாம்" என்றான் அவனே.
"ஆனா தட்டிட்டுத்தான் வரணும்."

கடல்மூடுபனி ஜன்னலுக்கு வந்துவிட்டது.
நாடாவை உரித்தோம். பசை தரையில் தங்கிவிட்டது,
பள்ளி நிர்வாகி திட்டினார்.
அடுத்த கூட்டம் செவ்வாய்.
இடத்தை யஸ்னா குறித்தாள்:
மீன் சந்தைக்குப் பின்னால், கடல்மட்டத்தில்.

இரவு இடுப்பு வலியோடு உட்கார்ந்து
பதினான்கில் ஒரு சொல்லை அடித்தேன்,
"குடியிருப்பவர்" என்று எழுதினேன்.
சட்டப் பிரிவு அதை விட்டுவைக்குமா, தெரியாது.
எழுந்துபோய்
என் குளியலறைக் கதவைச் சாத்தினேன்.
திறந்தேன்.
மறுபடி சாத்தினேன்.