எடைமேடை

காலியாக வரும்போது ஓர் எடை,
நிரம்பிப் போகும்போது ஓர் எடை.
கழித்துச் சொல்வது என் வேலை.
பத்தொன்பது வருடமாக
இந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
நெப்ராஸ்காவின் மக்காச்சோளம்
பாகாகப் போவதைக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

மேற்கு வாசலில் வரும் சோளம்,
தூசியோடு, சிலசமயம்
செத்த வெட்டுக்கிளி ஒன்றோடு.
கிழக்கு வாசலில் போகும்போது
அதற்கு நிறமில்லை, மணமில்லை,
தோகை இருந்தது, பட்டுக்குஞ்சம் இருந்தது என்று
ஒரு ஞாபகமும் இல்லை.

நான்காம் எண் டேங்கர் வோபோரிலுடையது.
எந்தப் பனியிலும் கண்ணாடியை இறக்கி
"எவ்வளவு பெருத்திருக்கேன், சொல்லு" என்பான்.
லாரியைத்தான் கேட்கிறான் என்று
இருவருமே நடித்தோம்.
மடியில் குடுவை. பெட்ரோல் பங்கில் நிரப்பியது,
நாற்பத்துநான்கு அவுன்ஸ்,
மறுபடி நிரப்ப எழுபத்தொன்பது சென்ட்.
"நான் ஏத்திப் போனதுதானே,
குமிழி போட்டுத் திரும்பி வருது."

குடிப்பழக்கம் கிடையாது.
மகன் கல்யாணத்தில்கூட ஒரு பியர் தொடவில்லை.
ஆனாலும் ஸ்கேனைப் பார்த்த டாக்டர்
"தினம் எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார்.
சாராயம் குடித்தவன் ஈரல் போலவே
மஞ்சள் கொழுப்பு.
தள்ளாடிய சுகமும் இல்லை,
குடிகாரன் என்ற கெட்ட பெயரும் இல்லை,
ஈரல் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

அப்புறம் சர்க்கரை என்றார்கள்.
நோய்க்கும் அதே பெயரை வைத்தவன்
யாரோ, நேர்மையானவன்.

அக்டோபரில் கிளியோ பெடர்சன் வந்தாள்,
பிக்கப்பில் ஆறு பீப்பாயோடு.
தேனீ வளர்ப்பவள்.
தேனை எடுத்துக்கொண்டு, பனிக்காலத்துக்கு
பெட்டிக்குள் பாகு வைப்பாள். எல்லோரும் செய்வதுதான்.
படிவத்தின் மேல் விரலை ஓட்டினாள்.
"எத்தனை டிகிரியில வெச்சிருந்தீங்க? எத்தனை நாள்?
சூடு மிஞ்சினா பாகு விஷம்.
குடிச்ச தேனீ
வயிறு கெட்டுச் செத்துப்போகும்."

பதில் சொல்ல
ஆய்வகத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்தார்,
தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு.
வெப்பநிலைத் தாளைக் காட்டினார்.
அவள் நம்பவில்லை.
இன்னொரு தாள் கேட்டாள். அதையும் கொடுத்தார்.

வரிசையில் நின்ற வோபோரில்
ஸ்ட்ராவைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.
கூண்டருகே வந்து
"ஒரு பூச்சிக்கு எத்தனை கேள்வி, பாத்தியா" என்றான்.
நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.

ஜனவரியில் இடதுகால் பெருவிரலை எடுத்தார்கள்.
மார்ச்சில், வண்டியில்லாமல்,
சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தான்.
ஒருபக்கமாய்ச் சாய்ந்து நடந்து
எடைமேடையின் நடுவில் போய் நின்றான்,
எண்பதாயிரம் பவுண்டு நிற்கும் இடத்தில்
ஒற்றை மனிதனாக.

"கழிச்சுச் சொல்லு."

இருநூற்று அறுபது என்றது திரை.
போன வருடம் விளையாட்டாய் ஏறி நின்றபோதும்
அதே இருநூற்று அறுபது.
இந்த எந்திரம்
இருபது பவுண்டுக்குக் குறைந்த எதையும் அறியாது.
ஒரு விரல், ஒரு கண்ணின் ஓரப்பார்வை,
ஒரு லைசென்ஸ், எதுவும் இதில் விழாது.

ஒன்றும் குறையவில்லை என்று
நான் எப்படிச் சொல்வேன்?
அச்சு பொத்தானில் விரலை வைத்தபடி இருந்தேன்.

பின்னால் புது டிரைவர் ஹார்ன் அடித்தான்.
அவசரம்.
ஆறினால் பாகு
குழாயிலேயே உறைந்துவிடும்.