மூன்றாம் பக்கம்

நாலாயிரம் தோள்வார்கள் திரும்பி வருகின்றன
என்ற டெலக்ஸ் தாளை
வேலூரிலிருந்து ஒரு பையன் பஸ்ஸில் கொண்டுவந்தபோது
பேரணாம்பட்டில் கரண்ட் இல்லை.
பேரேட்டின்மேல் மெழுகுவர்த்தியை ஒட்டவைத்து
ஜக்கரியா சாயபு சொன்னார்:
"துப்பாக்கிக்காரன் ஒரு புத்தகம் அனுப்பினானே,
அதில் என்னதான் எழுதியிருக்கிறான், படி."

பதினாறு பக்கம், வழவழத் தாள்,
அட்டையில் ரைஃபிள், பக்கத்தில் செத்த மான்.
நான் பி.ஏ. தேறாதவன்.
காட்பாடியில் தட்டச்சு மட்டும் தேறியவன்.
ரைஃபிளை வேலூர்க் கஜானா வாசலில்
தூங்கும் போலீஸ்காரர் மடியில் பார்த்ததோடு சரி.
போல்ட்டைத் தாழ்ப்பாள் என்றே வாசித்தேன்.
அவரும் தாழ்ப்பாள் என்றே கேட்டுக்கொண்டார்.

ப்ரூயிட்டும் ஹால்ஸியும் மாமன் மச்சான்.
ஒஹாயோவில் ஒரு கோழிக் கொட்டகை, வாடகைக்கு.
தையல் எந்திரக் கம்பெனி கழித்துவிட்ட கடைசல் ஒன்று.
பட்டை அறுந்தால்
ப்ரூயிட் தன் அரைக்கச்சையை அவிழ்த்து மாட்டுவாராம்,
ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி
மறுகையால் குழல் கடைவாராம்.
"அங்கேயும் தோல்தான் ஓட்டியிருக்கிறது"
என்றார் சாயபு, சிரிக்காமல்.

மூன்றாம் பக்கம்.
முதல் வருடம் பத்தொன்பது ரைஃபிள்.
ஏழு திரும்பி வந்தன,
பனியில் தாழ்ப்பாள் இறுகிக்கொள்கிறதென்று.
திருப்பித் தரப் பணமில்லை.
மூன்று மாதம் பொறுங்கள் என்று
ஏழு பேருக்கும் கைப்பட எழுதினார்கள்.
ஆறு பேர் பொறுத்தார்கள்.
ஏழாவது ஆள் கோர்ட்டுக்குப் போக,
அவன் வீட்டுக்குக் கறவை மாட்டை
ஓட்டிக்கொண்டு போனாள் ஹால்ஸியின் மனைவி.

"மாடா?"
"மாடுதான், சாயபு."
"அந்த இடத்தை மறுபடி படி."

மெழுகு வழிந்து
ஐந்தாந்தேதி வரவுமேல் உறைந்தது.
அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்:
ஐயா, உங்கள் மூன்றாம் பக்கம் பார்த்தோம்.
உங்கள் தாழ்ப்பாள் பனியில் இறுகியது.
எங்கள் வார் மழையில் இரண்டு அங்குலம் நீள்கிறது.
உங்களுக்குக் கிடைத்த மூன்று மாதத்தை
எங்களுக்கும் கொடுங்கள்.
முடியாதென்றால் மாடு தரத் தயார்.
எங்களிடம் நிறைய இருக்கிறது, தோலாக.

கடைசி வரியை வேண்டாமென்றேன்.
"இருக்கட்டும்" என்றார்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை முனிரத்தினம்.
ஆவாரம்பட்டைக் குழியிலிருந்து ஈரமாய் எடுத்த தோலைப்
பட்டை பட்டையாய்ப் புளியமரத்தில் தொங்கவிட்டு
ஒவ்வொன்றின் நுனியிலும் கல்லைக் கட்டினான்.
அம்மி, குழவி, பழைய ஆட்டுக்கல்,
பாலாற்றுப் படுகையில் பொறுக்கிய குண்டுக்கற்கள்.
நீளுகிறதெல்லாம் இங்கேயே நீண்டு தொலையட்டும் என்றான்.
பதினோரு நாள் காற்றில் கல்லும் கல்லும் முட்டி
டொக் டொக் என்றது ராத்திரி முழுக்க.
பன்னிரண்டாம் நாள் புங்க எண்ணெய்.

ஐந்து வாரம் கழித்து டெலக்ஸ்:
மூன்று மாதம். மாடு அனுப்ப வேண்டாம்.

அடுத்த வருடப் புத்தகமும் வந்தது.
மூன்றாம் பக்கம் அப்படியே.
நம்மைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.
பதினோராம் பக்கத்தில் மட்டும்
சிவந்த தாடிக்காரன் ஒருவன்,
முழங்கால் பனியில், தோளில் ரைஃபிள்,
ரைஃபிளில் நம் வார்.
வாரின் நடுவே, கொக்கிக்கு நாலு விரல் கீழே,
பிறை மாதிரி ஒரு தழும்பு.

எனக்கு அது தெரியும்.
குடியாத்தம் பக்கத்து எருமை.
கோமாரி கண்ட வருடம் யாரோ இழுத்த சூடு.
கழித்துப் போட வேண்டிய துண்டு,
கணக்குக் குறைந்ததென்று
கட்டில் செருகியவன் நான்.

சாயபு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
"அன்றைக்குத் தரம் பார்த்தது யார்?"

கரண்ட் இல்லை, சாயபு, என்றேன்.